மூன்றாவது வரியில் நாற்பது சதவிகிதம்

தொண்ணூறுகளின் கடைசியில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. உண்மையிலேயே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திரையைப் பார்ப்பேன், பயப்படுவேன். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

அன்று சாயங்கால விமானத்தில் சரக்கு ஏறியாக வேண்டும். பெட்டியில் ஒட்டும் லேபிளுக்கான விவரம் கடல் தாண்டிய தலைமை அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து வரும். நான் சும்மா இருந்திருக்கலாம். புதிதாகக் கிடைத்த ஒரு சோதனை புரோகிராமை ஓட்டினேன். எங்களுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் நடுவே தகவலைக் கைமாற்றி அனுப்பும் ஒவ்வொரு ரூட்டரையும் அது கூப்பிட்டுப் பார்க்கும். எத்தனை அழைப்புக்குப் பதில் வரவில்லை என்று வரிவரியாகக் காட்டும். மூன்றாவது வரியில் எங்கள் கட்டடத்து ரூட்டர். இழப்பு நாற்பது சதவிகிதம்!

வருவதில் பாதி கடலில் விழுகிறது என்றே முடிவு செய்து மானேஜருக்குப் போன் போட்டேன்.

"பாஸ், ரூட்டர் சாகப் போகுது. ஆஃப் பண்ணி மாத்திடவா?"

"சரக்கு லோரி வெளிய நிக்குதுலா! சரி, பேக்கிங்ல சொல்லிட்டுப் பண்ணு."

பேக்கிங் பிரிவு அக்காவை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். அதற்கும் பதில் இல்லை. போச்சு, அங்கேயும் எல்லாம் நின்றுவிட்டது என்று படியிறங்கி ஓடினேன்.

அங்கே பிரிண்டர் நிற்காமல் லேபிளைத் துப்பிக்கொண்டிருந்தது. அக்கா ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன்க்கா போன எடுக்கல?"

"உனக்குப் பதில் சொல்லிட்டு நின்னா பெட்டிக்கு யாரு தம்பி ஒட்டுறது? உன் மாமியாரா?"

மேலே வந்து, அப்போதுதான் திரையைக் கடைசி வரி வரை படித்தேன். தலைமை அலுவலகம்: இழப்பு பூஜ்யம். நடுவில் தொலைந்திருந்தால் கடைசி வரியிலும் இழப்பு தெரிந்திருக்க வேண்டுமே. அந்த ரூட்டர் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடத்திவிட்டு, "இருக்கியா, இருக்கியா?" என்ற என் நச்சரிப்புக்கு மட்டும் நேரம் கிடைத்தபோது பதில் சொல்லியிருக்கிறது.

மானேஜர் கூப்பிட்டார். "லோரி கிளம்பிடுச்சு. நீ எப்ப ஆஃப் பண்ணின?"

"பண்ணவே இல்ல பாஸ். நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அந்த நாப்பது?"

"வேலையா இருக்கு பாஸ். சும்மா சும்மா கூப்பிட்டா பதில் சொல்லாது."

"கெட்டிக்கார மெஷின்லா. இனி நானும் அப்படித்தான்."

சொன்னபடியே, அடுத்த நாள் முழுக்க அவர் என் போனை எடுக்கவில்லை.