நேராக உதைக்காத மெர்ரின்

மின்யாராவில் மெர்ரின் நோஸ்கேயைத் தெரியாதவர்கள் கிடையாது. அறுவடை நாளில் எந்தக் கோதுமை லாரியும் அவள் உட்கார்ந்திருக்கும் எடைமேடையைத் தாண்டித்தான் கிடங்குக்குள் போயாக வேண்டும். ஜன்னல் வழியே தலையை நீட்டி, "கண்ணாடிய எப்ப தொடச்சே? ரோடு கண்ணுக்குத் தெரியுதா, இல்ல மாடுங்களே வழி விட்டு ஒதுங்குதா?" என்று ஓட்டுநர் ஒவ்வொருவரிடமும் ஒரு வம்பு வளர்த்துவிட்டுத்தான் சீட்டு கொடுப்பாள். நல்ல உயரம். கைகள் அதைவிட நீளம். பள்ளி நாள் தொட்டு ஊர் நெட்பால் அணிக்கு வளையத்தில் பந்து போடுகிறவள் அவள்தான். வளையத்தின் கீழ் அசையாமல் நின்று, ஒரு மூச்சு விட்டு, விரல் நுனியால் பந்தை மேலே அனுப்புவாள். உள்ளே விழுந்ததா என்று பார்க்கக்கூட மாட்டாள். அதற்குள் திரும்பி நடக்கத் தொடங்கியிருப்பாள்.

அப்படிப்பட்டவளைத்தான், பந்தைக் கையால் பிடித்துக் காலால் உதைக்கும் ஆஸ்திரேலியக் கால்பந்துக்குப் பெண்கள் அணி தொடங்கிய வருடம் ரோனா வந்து பிடித்தாள். ரோனா ஊர் மதுக்கடையில் சமையல்காரி. குள்ளம், வேகம், வாய்த்துடுக்கு. எடைமேடை ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"அந்தச் சின்ன வளையத்துக்குள்ளயே கண்ண மூடிக்கிட்டு போடுற. இங்க ரெண்டு கம்பத்துக்கு நடுவுல லாரியே போகும். வாடி."

"எனக்கு முப்பத்திரண்டு வயசாகுது ரோனா. ரெண்டு பிள்ளைங்க வேற."

"பிள்ளைங்கள யாரு ஆடக் கூப்பிட்டா? உன்னைத்தான் கூப்பிடுறேன்."

போனாள். கோல் கம்பங்களுக்கு முன்னால் நிற்கும் இடத்தை அவளுக்குக் கொடுத்தார்கள். உயரப் பந்து வந்தால் அது அவளுக்குத்தான். எதிரணிப் பெண்கள் தோளில் ஏறினாலும் எட்டாது. கைக்குள் பந்து அடங்கியதும் அம்பயர் விசில் ஊதுவார். பிடித்தவளை இனி யாரும் தொடக்கூடாது. நிதானமாகப் பின்னால் போய், ஓடிவந்து உதைக்கலாம். ஆட்டத்திலேயே சுலபமான வேலை என்று வேலியோரம் நிற்கிறவர்கள் எல்லாரும் சொல்வது இதைத்தான்.

அதுதான் அவளுக்கு வரவில்லை.

முட்டை வடிவப் பந்தை நிமிர்த்திப் பிடித்து, நேராக ஓடிவந்து, கால்மீது விழவிட்டு உதைக்க வேண்டும். பயிற்சியில் பத்துக்கு எட்டு உள்ளே போகும். ஆட்டத்தில் மைதானமே அடங்கிப்போய் எல்லார் கண்ணும் தன் முதுகில் விழும்போது, கை ஒரு பக்கம் சாய்ந்து பந்து கோணலாக இறங்கும். நடுவிலிருக்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்குள் போகாமல், உயரக் கம்பத்துக்கும் அதன் ஓரத்துக் குட்டைக் கம்பத்துக்கும் நடுவே போய் விழும். ஆறு புள்ளிக்குப் பதிலாக ஒன்று; உயரக் கம்பத்தில் பட்டாலும் அதே ஒன்றுதான். கோல் என்றால் வேலியைச் சுற்றி நிற்கும் கார்கள் எல்லாம் ஹாரன் அடித்து ஊரையே எழுப்பும். மெர்ரினின் ஒற்றைப் புள்ளிக்கு மட்டும் கிளாரி போல்னர் தன் பழைய வண்டியிலிருந்து 'பீப்' என்று ஒரே ஒரு தரம் அடிப்பார். எண்பதைத் தாண்டிய மனுஷர். அவருக்கு அது கேலி. அவளுக்கு ஊசி குத்தின மாதிரி இருக்கும்.

இரண்டாவது வருடம் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பந்தைப் பிடித்ததும் உதைக்காமல், பக்கத்தில் ஓடி வருகிறவளுக்குத் தட்டிவிட்டாள். அவர்கள் கோல் அடித்தார்கள். எல்லாரும் கட்டிக்கொண்டார்கள். பயிற்சியாளர் லிண்டல், "இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்!" என்று கூட்டத்தில் சொன்னாள். வருடக் கடைசியில், அணிக்காக ஆடியவள் என்று ஒரு கோப்பையும் கிடைத்தது. அதை வீட்டில் குளிர்ப்பெட்டியின் மேல் வைத்தாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

மூன்றாவது வருடம் ஒரு திங்கட்கிழமை மதியம், ரோனா அவளை மதுக்கடைச் சமையலறைக்கு வரச் சொன்னாள். இறைச்சித் துண்டுகளை முட்டையில் தோய்த்து ரொட்டித்தூளில் புரட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் ஆரம்பித்தாள்.

"நேத்து நேர் எதிர்ல நின்னே. காத்து கூட இல்ல. என்னைச் சுத்தி மூணு பேரு. எனக்கு ஏன்டி குடுத்தே?"

"நீ நல்லா அடிப்பேன்னுதான்..."

"பொய் சொல்லாத. நீ மனசு நெறஞ்சு குடுக்கல. பயந்து குடுத்தே. சூடான சட்டிய அடுத்தவ கையில திணிக்கிற மாதிரி."

மெர்ரினுக்குக் கண்ணீர்தான் வந்தது. ரோனா மாவுக்கையோடு அப்படியே நின்றாள். அவளை அழவைக்க நினைத்துக் கேட்கவில்லை.

"யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்" என்றாள் மெர்ரின்.

"எனக்குத் தெரியும். அதான் கேக்குறேன். என்னதான் ஆகுது உனக்கு?"

"ஓடி வர்றேன்ல, ஒவ்வொரு அடிக்கும் ஒருத்தர் காதுகிட்ட வந்து பேசுற மாதிரி இருக்கு. கைய தூக்கு, காலப் பாரு, போன தடவ என்னாச்சு... கம்பத்துக்குப் போறதுக்குள்ள ஒரு ஊரே கூடிடுது."

ரோனா கையைத் துணியில் துடைத்தாள். "அப்போ ஓடாத" என்றாள்.

"ஓடாம எப்படி உதைக்கிறது?"

"ஆளுங்க நடுவுல மாட்டிக்கிட்டா திரும்பிக்கிட்டு ஒரு உதை விடுவியே, வளைஞ்சு உள்ள போகுமே. அது ஒரு நாளும் தப்பினதில்ல. ஏன்னா யோசிக்க உனக்கு நேரமே இல்ல. நின்னு அடிக்க நேரம் கிடைச்சாலும் அதையே அடி."

அன்றிலிருந்து மாலைகளில், ஆட்டுப்பட்டிக்குப் பின்னாலிருந்த இரண்டு யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே அவள் உதைத்துப் பழகினாள். கம்பத்துக்குத் தோளைக் காட்டி நிற்பாள். பந்தைச் சாய்த்துப் பிடிப்பாள். இரண்டே எட்டு வைப்பாள். காலை உடம்புக்குக் குறுக்கே வீசுவாள். பந்து முதலில் எங்கோ வெளியே போவது போலப் போகும்; பிறகு நினைவு வந்த மாதிரி வளைந்து உள்ளே திரும்பும். அவள் கணவன் ட்ராய் மரத்துக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கினான். "ஆடெல்லாம் பக்கத்துப் பட்டிக்கு மாறிக்கலாமான்னு பேசிக்குதுங்க" என்றான்.

லிண்டலுக்கு முதலில் பிடிக்கவில்லை. நேராக உதைப்பதுதான் முறை என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவள் அவள். பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். "கண்றாவியா இருக்கு. உள்ள போகுதா?"

"பெரும்பாலும்."

"அப்போ நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நீ அடி."

கிளாரிதான் அடங்கவில்லை. அவள் தோளைத் திருப்பும்போதெல்லாம் கார் ஜன்னல் இறங்கும். "என்ன இது, பால் கறக்கவா நிக்கிற? நேரா உதைம்மா, நேரா!" சில உள்ளே போயின, சில போகவில்லை. ஆனால் அவள் உதைத்தாள். தட்டிவிடவில்லை.

அரையிறுதி டல்கூர் அணியோடு. கடுகுப் பயிர் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த செப்டம்பர் ஞாயிறு. முரட்டு மேல்காற்று. கடைசிக் கால்பகுதியில் புள்ளி இரண்டு பக்கமும் சமம். ஆட்டம் முடியும் தறுவாயில் உயரமாக ஒரு பந்து வந்தது. மூன்று பேருக்கு மேலே எழும்பி மெர்ரின் அதைப் பிடித்தாள். விசில்.

கம்பத்துக்கு வலப்பக்கம், எட்டும் தூரம்தான். பழைய பழக்கத்தில் கண் ரோனாவைத் தேடியது. ரோனா கம்பத்துக்கு இன்னும் கிட்டத்தில், காவலே இல்லாமல் நின்றிருந்தாள். குழந்தைகூட அங்கிருந்து கோல் அடித்துவிடும்.

மெர்ரினின் பார்வை பட்டதும் ரோனா சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பினாள். குனிந்து உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டத் தொடங்கினாள். அந்தக் கயிற்றின் மேல் ஒட்டுநாடா சுற்றியிருந்தது. அது அவிழ வழியே இல்லை.

அவ்வளவு பயத்திலும் மெர்ரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தோளைத் திருப்பினாள். "நேரா!" என்று கிளாரியின் குரல் வேலியிலிருந்து கிழிந்து வந்தது. இரண்டு எட்டு. உதைத்தாள்.

பந்து வெளியே போனது, வளைந்தது, காற்றைப் பிடித்தது, இன்னும் கொஞ்சம் வளைந்திருந்தால் போதும்... உயரக் கம்பத்தில் 'டங்'கென்று மோதி விழுந்தது. கோல் அம்பயர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஒரே ஒரு விரலை நீட்டினார். ஒரே கொடியை எடுத்து ஆட்டினார்.

ஒரு புள்ளி. தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவளை ரோனா வந்து உலுக்கினாள். "முட்டாளே, சமமா இருந்துச்சுடி! ஒண்ணு போதும்! ஓடு, ஓடு, பந்த வெளிய விடாத!"

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் மெர்ரினுக்குச் சரியாக நினைவில்லை. டல்கூர்ப் பெண்கள் பந்தைக் கம்பத்தடியிலிருந்து உதைத்து மறுபடி தொடங்கினார்கள். யார் மீதோ யாரோ விழுந்தார்கள். அவளும் ஒரு குவியலுக்கு அடியில் பந்தை வயிற்றோடு அணைத்துக் கிடந்தாள். ஆட்டம் முடிந்ததென்று சைரன் ஊதியது. மேலே கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவள் எழவில்லை. ஈரப் புல்லில் கன்னத்தை வைத்தபடியே கிடந்தாள். மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் எங்கே போனதென்று தெரியவில்லை. தவறவிட்டாள்தான், ஊர் மொத்தமும் பார்த்ததுதான். ஒன்றும் ஆகவில்லை. வானம் இருந்த இடத்திலேயே இருந்தது.

வேலிப் பக்கம் போனபோது கிளாரி ஜன்னலை இறக்கினார். "நேரா அடின்னேன். வளைச்சு அடிச்ச. அதையும் கம்பத்துல அடிச்ச."

"ஜெயிச்சோமே, பெருசு."

"அதான் எனக்கு வயித்தெரிச்சல்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் ஹாரன்மேல் வைத்து அழுத்தினார். எடுக்கவே இல்லை.

அடுத்த வாரம் இறுதி ஆட்டத்தில் மின்யாரா தோற்றது. கொஞ்சநஞ்சமல்ல, கேட்டால் சொல்லக் கூசும் அளவுக்கு. மெர்ரின் வளைத்து அடித்ததில் இரண்டு உள்ளே போயின, ஒன்று கம்பம் வரைக்கும்கூட எட்டவில்லை. ஒருமுறை ரோனாவுக்குத் தட்டிவிட்டாள். அது ரோனா நல்ல இடத்தில் நின்றதால் மட்டும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ட்ராய் வண்டி ஓட்டினான். பிள்ளைகள் பின்னால் தூங்கிப்போயிருந்தார்கள். தோற்ற மனைவியிடம் மெல்லக் கேட்டான்.

"ரொம்ப வருத்தமா இருக்கா?"

மெர்ரின் யோசித்துப் பார்த்தாள். உள்ளே தேடியும் பார்த்தாள்.

"பசிக்குது" என்றாள்.

நெடுஞ்சாலைக் கடையில் நிறுத்தினார்கள். உருளைக்கிழங்கு வறுவல் ஒரு பெரிய பொட்டலமும் இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பம் இரண்டும் வாங்கி, வண்டியின் முன்மூடியில் சாய்ந்து நின்று, சாஸ் விரலில் வழிய, அவள் ஒருத்தியே எல்லாவற்றையும் தின்று முடித்தாள்.