நஞ்சுண்டன் வீட்டு நாய்க்கு எலும்பு தெரிகிறது

அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் நஞ்சுண்டனைத் தெரியாதவர் கிடையாது. அவர் பெயரைத் தெரிந்தவர்தான் குறைவு. பொங்கல் விழா, ஆண்டு விழா, பட்டிமன்றம் எதுவானாலும், ஆரஞ்சு நிற மேலங்கி போட்டுக்கொண்டு கையில் சிவப்பு விளக்குத் தடியோடு வாசலில் நின்று கார்களுக்கு இடம் காட்டுபவர் அவர். பிள்ளைகளுக்குப் 'பார்க்கிங் அங்கிள்'. பெரியவர்களுக்கு 'அந்தப் பார்க்கிங்காரர்'. கடைசிக் காரை நிறுத்திவிட்டு அவர் உள்ளே வரும்போது நன்றியுரை முடிந்துகொண்டிருக்கும். அதில் மைக் செட்டுக்காரர் பெயர்கூட வரும். இவர் பெயர் வராது.

சொந்த ஊர் அன்னூர் பக்கம். எண்ணெய்க் குழாய்களில் எங்கெல்லாம் கசிவு வரக்கூடும் என்று, இன்னும் வராத கசிவுகளைப் பற்றி அறிக்கை எழுதுவது உத்தியோகம். யாரிடமும் அவர் 'முடியாது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர் வீட்டு மாடியறையில் நான் வாடகைக்கு இருப்பதே, யாரோ கேட்டு அவரால் மறுக்க முடியாமல் போனதால்தான்.

அந்த வீட்டுக்கு நாய் வந்தது நாய் ஆசையால் அல்ல. மகள் வெண்பா பன்னிரண்டாம் வகுப்பு. கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். அந்தக் கட்டுரையைச் செதுக்கித் தருவதற்கென்றே ரோஷினி என்று ஓர் ஆலோசகர் இருந்தார். லேப்டாப் திரையில் தோன்றி அவர் சொன்னதை மாடிப்படியில் இறங்கும்போது நானும் கேட்டேன்.

"பரதநாட்டியம் வேணாம் ஆன்ட்டி. வயலின் வேணாம். ரோபோட்டிக்ஸ் சுத்தமா வேணாம். எல்லா இந்தியன் கிட்ஸும் அதையேதான் எழுதறாங்க. ஒரு பெயின் இருக்கணும். அப்புறம் ஒரு ஹீலிங் இருக்கணும்."

நஞ்சுண்டனின் மனைவி சாந்தி அக்கா திரும்பிக் கணவரைப் பார்த்தார். அந்த வீட்டில் வலி என்று எதுவும் கைவசம் இல்லை. வீட்டுக் கடன்கூட அடைந்துவிட்டது.

அதனால் வலியை வெளியிலிருந்து வரவழைத்தார்கள். பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் நாய்களுக்கு வீடு தேடித் தரும் ஒரு குழு ஹூஸ்டனில் இருந்தது. நிரந்தர வீடு அமையும் வரை நாயைத் தற்காலிகமாக வைத்து வளர்க்கலாம். அதற்கு ஃபாஸ்டர் என்று பெயர். மேற்கு வர்ஜீனியாவில் ஓடி முடித்த ஒரு நாய் வந்து இறங்கியது. பந்தயப் பெயர் 'மிட்நைட் இன்வாய்ஸ்'. புலிக்கோடுகள், ஊசி மூக்கு, மனுநீதிச் சோழனிடம் முறையிட வந்த பசுவின் முகம்.

மின்னலை எதிர்பார்த்தவர்களுக்கு வந்தது மெத்தை. பிறந்ததிலிருந்து கூண்டும் மைதானமுமாக வாழ்ந்த பிராணிக்கு வீடு என்றால் என்னவென்றே தெரியவில்லை. மாடிப்படியைப் பார்த்து மலைத்தது. வழுக்குகிற டைல்ஸ் தரையில் கால் வைக்க மறுத்து வாசலிலேயே சிலையாக நின்றது. நஞ்சுண்டன் பரணிலிருந்து பவானி ஜமக்காளங்களை எடுத்து, வாசலிலிருந்து சோபா வரைக்கும் விரித்தார். கவர்னர் வருகிற மாதிரி நாய் அதன்மேல் நடந்து போய் சோபாவில் ஏறி, நாலு காலையும் ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு, கண்ணைப் பாதி திறந்தபடி தூங்கியது. சாந்தி அக்கா செத்துவிட்டதோ என்று அலறினார். இந்த இனம் அப்படித்தானாம். சில விநாடிப் பாய்ச்சல், மீதி நாளெல்லாம் தூக்கம்.

வெண்பா அதை இரண்டு முறை நடக்கக் கூட்டிப்போனாள். இரண்டு முறையும் படம் எடுத்தாள். மற்ற நாட்களில் வாரைப் பிடித்தது நஞ்சுண்டன்தான். வாரை எந்நேரமும் விடக்கூடாது. அணில் ஓடினால் பின்னாலேயே பறந்துவிடும், திரும்பி வரத் தெரியாது என்று குழுவினர் சொல்லியிருந்தார்கள். இவர் வாரைக் கையில் மட்டுமில்லாமல் இடுப்பு பெல்ட்டிலும் கட்டிக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் அவர் ஆபீஸிலிருந்து வந்து சமையலறையில் நின்றபடி காபி குடித்துக்கொண்டிருந்தார். சாந்தி அக்கா தங்கச்சியோடு போனில். வெண்பா காதில் ஹெட்போன். நாய் ஜமக்காளத்தில் நடந்து வந்து, அவர் தொடையில் தன் முழுப் பாரத்தையும் வைத்துச் சாய்ந்தது. கிரேஹவுண்டுகளுக்கு அதுதான் பாசம். நக்காது, குதிக்காது, சாயும். காபி தீர்ந்த பிறகும் அவர் நகரவில்லை. காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அந்த வீட்டில் அவர்மேல் யாராவது சாய்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"தூக்கம் வருதா கண்ணு?" என்றார்.

"என்னையக் கண்ணுன்னு கூப்பிட்டு எத்தன வருசமாச்சு தெரியுங்களா?" என்றார் சாந்தி அக்கா, போனை மூடாமலே.

சிக்கல் விலா எலும்பில் ஆரம்பித்தது. ஓடுகிற நாயின் உடம்பில் கொழுப்பு கிடையாது; விலா எலும்பு தெரிவதுதான் லட்சணம். இது நாய் டாக்டருக்குத் தெரியும். தமிழ்ச் சங்கத்துக்குத் தெரியாது. முதலில் பார்த்தவர் சங்கத் தலைவர் குமாரசாமி.

"என்ன நஞ்சுண்டா, சோறு கீறு போடறதில்லையா? எலும்ப எண்ணிப்போடலாம் போல இருக்குதே!"

"இல்லீங்ணா, இந்த ஜாதியே இப்படித்தானுங்க."

"எந்த ஜாதியா இருந்தா என்ன? நம்ம வீட்டுக்கு வந்த ஜீவன் இப்படி இருந்தா, பாக்கறவன் நம்மளயல்ல சொல்லுவான்?"

சொன்னார்கள். வாட்ஸப்பில் நாயின் படம் கைகூப்பும் கண்ணீருமாகச் சுற்றியது. 'இவ்ளோ பெரிய வீடு, ஒரு வாய் சோத்துக்கு வழியில்ல' என்று யாரோ எழுத, முப்பது பேர் ஆமோதித்தார்கள். இத்தனை வருடம் நஞ்சுண்டன் சாப்பிட்டாரா என்று பார்க்கிங்கில் ஒருவரும் கேட்டதில்லை. அவருடைய நாய்க்கு இப்போது ஊரே சோறு போடக் கிளம்பியது.

டப்பாக்கள் வந்தன. தயிர்சாதம், நெய்ப் பொங்கல், எலும்பு நீக்கிய கோழி, பருப்பில் பிசைந்த இட்லி. கொண்டுவந்தவர் எதிரிலேயே ஒரு வாய் ஊட்டாவிட்டால் மரியாதை இல்லை. நஞ்சுண்டனால் யாரையும் மறுக்க முடியாது. நாயாலும் முடியவில்லை. இதில் சாந்தி அக்காவின் துயரம் வேறு. வந்த டப்பாவை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் எங்கும் இல்லையே. எதையாவது செய்து நிரப்பித்தான் அனுப்ப வேண்டும்.

"நாய் திங்கறதுக்கு நான் ஊருக்கெல்லாம் முறுக்குச் சுத்திட்டு இருக்கறனுங்க," என்று மாவு அப்பிய கையோடு என்னிடம் சொன்னார்.

நாய் உருண்டது. விலா எலும்பு மறைந்தது, இடுப்பு மறைந்தது. சங்கத்தில் பாராட்டு குவிந்தது. "இப்பத்தான் நஞ்சுண்டா, நம்ம வீட்டு நாய் மாதிரி இருக்குது" என்றார் குமாரசாமி.

அந்த வாரம்தான் ரோஷினி திரையில் தோன்றி வேறு குண்டைப் போட்டார். "ஸாரி ஆன்ட்டி, கிரேஹவுண்ட் வேணாம். இந்த வருஷம் கேட்டியிலேர்ந்து மட்டும் நாலு பேர் கிரேஹவுண்ட் எழுதிட்டாங்க. ஒருத்தரோட நாய்க்கு மூணு கால்தான். நம்மளால காம்பீட் பண்ண முடியாது."

"அப்ப நாயத் திருப்பிக் குடுத்துப்போடலாமுங்க," என்றார் சாந்தி அக்கா.

 நஞ்சுண்டன் அன்றே குழுவுக்குப் போன் செய்து, இந்த நாயை நிரந்தரமாகவே எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டுவிட்டார். மனைவியைக் கேட்காமல் அவர் செய்த முதல் காரியம்.

குழுவின் சார்பில் பார்பரா வந்தார். அறுபது வயது, காலில் பூட்ஸ், வீடு முழுக்க அவரே கிரேஹவுண்டுகளை வளர்ப்பவர். சோபாவில் கிடந்ததைப் பார்த்ததும் அவர் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. விலாவில் விரல் வைத்துத் தேடினார். கொழுப்பு, அதற்குக் கீழேயும் கொழுப்பு. இந்த மெல்லிய கால்கள் இந்த எடையைத் தாங்காது, ஓடி ஓடித் தேய்ந்த மூட்டு இது, அன்பு என்ற பெயரில் இவனை நொண்டியாக்குகிறீர்கள் என்று இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார். ரவுண்ட் ராக் ஊரில் ஒரு குடும்பம் இவனுக்காகக் காத்திருக்கிறது. தீபாவளி முடிந்து வருவேன். அதற்குள் இளைத்திருந்தால் இவன் உங்களுக்கு. இல்லையென்றால் என்னோடு வண்டியில் ஏறுவான்.

தீபாவளி என்றதும் நஞ்சுண்டனுக்கு வியர்த்தது. அந்த வருடப் பாட்லக் விருந்து அவர் வீட்டில்தான். ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக்கொண்டு சங்கமே வரும். 'நாய்க்குத் தனியா எடுத்து வச்சிருக்கோம் அங்கிள்' என்று அப்போதே செய்திகள் வர ஆரம்பித்திருந்தன.

மறுநாளிலிருந்து நாய்க்கு அளந்து வைத்த தீனி, இரண்டு வேளை நடை. வீட்டுக் கதவைச் சாத்தியே வைத்தார். டப்பாவோடு மணியடித்தவர்களுக்கு, வீட்டில் யாரும் இல்லாத மாதிரி, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆனால் விருந்து வைத்தவர் விருந்தன்றைக்கு அப்படி ஒளிய முடியாது. "எப்படீங்க வேண்டாம்னு சொல்றது? சொன்னாப் பழக்கம் விட்டுப்போகுமே," என்று அவர் என்னிடம் கேட்டார்.

தீபாவளி விருந்தன்று வாசலில் கார்கள் வந்து நிற்க ஆரம்பித்தபோது, நஞ்சுண்டன் புது வேட்டி சட்டையில் வெளியே வந்தார். கொஞ்சம் நின்றார். திரும்பக் காரேஜுக்குள் போனார். வெளியே வந்தபோது வேட்டி சட்டைக்கு மேலே ஆரஞ்சு மேலங்கி இருந்தது. கையில் விளக்குத் தடி. டிரைவ்வேயின் நடுவில் ஒரு மடக்கு மேசையைப் போட்டு, சங்கத்தின் பார்க்கிங் டோக்கன்களை அடுக்கினார்.

மேலங்கியைப் போட்டதும் அவர் முதுகு நிமிர்ந்தது. அந்த உடையில் அவர் ஒருவரையும் கெஞ்சிப் பழக்கமில்லை. எவ்வளவு பெரிய டாக்டரின் காரையும் 'அங்க இல்ல, இங்க' என்று திருப்பிவிட்டுப் பழகிய உடை.

"சாப்பாட்டு டிஷ் நேரா உள்ள போகட்டும்!" தடி ஆடியது. "நாய் டப்பா எல்லாம் லெஃப்ட்ல! டோக்கன் வாங்கிக்குங்க. போறப்ப டோக்கனக் காட்டி அப்படியே எடுத்துட்டுப் போலாம்."

யாரும் எதிர்க்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். பார்க்கிங் அங்கிள் தடியைக் காட்டினால் அந்தப் பக்கம் திரும்புவது பல வருடப் பழக்கம். கை தானாக டப்பாவை மேசையில் வைத்தது. குமாரசாமி ஒருவர்தான் நின்றார். அவர் கையில் பளபளவென்று மூன்றடுக்கு எவர்சில்வர் தூக்கு.

"வெங்காயம் போடாம மட்டன் வறுத்துக் கொண்டாந்திருக்கறேன். என்னையவே நிறுத்தறயா நஞ்சுண்டா?"

"மனுசங்க உள்ள போலாமுங்ணா. தூக்கு இங்க நிக்கட்டும்."

"ஒரு நாய்க்காக..."

"அண்ணா, பின்னால வண்டி வருது. நகருங்க."

குமாரசாமி டோக்கனை வாங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு உள்ளே போனார். கோபத்தில் ரசமலாய்கூடத் தொடவில்லை. தூக்கையும் வாங்காமல் கிளம்பிப் போனார். மற்ற டப்பாக்கள் வந்தபடியே திரும்பின. அந்தத் தூக்கைத் தவிர நிரப்பித் தர வேண்டிய டப்பா ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தபோது, சாந்தி அக்கா நாயின் பக்கத்தில் சோபாவில் வந்து உட்கார்ந்தார். முதல் தடவை.

"இது இங்கயே இருக்கட்டுமுங்க," என்றார்.

வெண்பா தூரத்திலிருந்து அப்பாவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "Appa, don't take off the vest," என்றாள். "ரோஷினிக்கு அனுப்பணும்." கட்டுரைக்குப் புது வலி கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பார்பரா சொன்னபடி வந்தார். நாய் ஜமக்காளத்தின்மேல் நடந்து வந்து நின்றது. அவர் குனிந்து விலாவில் விரலை ஓட்டினார். நஞ்சுண்டன் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, மகளின் ரிசல்ட்டுக்கு நிற்பவரைப் போல நின்றார்.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. கையில் டோக்கனோடு குமாரசாமி. தூக்கு அவர் மனைவி ஊரிலிருந்து கொண்டுவந்ததாம். அது இல்லாமல் வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறாராம். சாந்தி அக்கா தூக்கைக் கழுவி லட்டு நிரப்பித் தயாராகத்தான் வைத்திருந்தார். அதை நீட்டியபோது குமாரசாமியின் பார்வை நாய்மேல் போனது. கோபமெல்லாம் எங்கோ போக, மனம் பதைத்துவிட்டது அவருக்கு.

"அடப்பாவி நஞ்சுண்டா! மறுபடியும் எலும்பு தெரியுதேப்பா!"

பார்பராவுக்குத் தமிழ் புரியவில்லை. விலாவிலிருந்து கையை எடுக்காமல் நஞ்சுண்டனைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். நாய் நகர்ந்து வந்து நஞ்சுண்டன் காலில் முழுசாகச் சாய்ந்தது. அவர் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியுதுங்களாண்ணா?" என்றார். "அங்கிருந்து பாத்தாலே தெரியுதுங்களா?"