ஃபூஃபூவை மெல்லக்கூடாது

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரத்தில் எந்தக் கடையில் என்ன சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். இந்த நம்பிக்கைக்கு முழுப் பொறுப்பும் சித்திதான்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் தமிழ் ஆட்கள் நடத்திய காய்கறிக் கடை ஒன்றில் சாமான் வான் ஓட்டினார். அந்தக் கடையில் எங்களுக்கு வேண்டிய வெண்டிக்காயும் முருங்கைக்காயும் ஒரு பக்கம் இருந்தால், மறுபக்கம் ஆப்பிரிக்க நாட்டு ஆட்களுக்கு வேண்டிய யாம் கிழங்கும் பனை எண்ணெயும் இருக்கும். மரவள்ளியும் வாழைக்காயும் இரண்டு பக்கத்துக்கும் பொது. சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை, அப்பாவுக்குப் பாண் ரொட்டி சுடும் தொழிற்சாலையில் வேலை. என்னை வீட்டில் தனியே விட ஏலாது என்று சித்தியின் வானில் ஏற்றிவிடுவார்கள்.

ரயில் நிலையத்துக்கு வடக்கே இருக்கும் நோர்ட்ஸ்டாட்டில்தான் எங்கள் சனிக்கிழமை ஓட்டம். கறுப்பின மக்கள் நடத்திய நான்கு சாப்பாட்டுக் கடைகள் அங்கே நடக்கும் தூரத்தில் இருந்தன. நான்கு முதலாளிகளுக்கும் நான் வைத்திருந்த பெயர்கள் அவர்களுடைய நாட்டின் பெயர்களே. எரித்திரியா அன்ரி புளித்த மாவில் பெரிய வட்டமாக இஞ்செரா சுடுவார். அது அப்பத்தின் நடுப்பகுதியைப் போல மேலெல்லாம் சின்னச் சின்னத் துளைக் கண்களோடு இருக்கும். அதைப் பிய்த்துப் பருப்பைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். செனகல் அண்ணை மீன் அவித்த தண்ணீரிலேயே சோறு காய்ச்சி, பானையின் அடியில் பிடித்த பொறுக்கைச் சுரண்டி எனக்கென்று எடுத்துவைப்பார். கமரூன் அக்கா கசப்பு இலையைக் கச்சான் கடலையோடு அரைத்து இறால் போட்டு ஒரு கறி வைப்பார். முதல் வாய்க்கு முகம் சுளிக்கும், நாலாவது வாய்க்குக் கை கோப்பையை வழிக்கும். கானா மாமா மரவள்ளியையும் வாழைக்காயையும் உரலில் போட்டு இடித்துப் பிசைந்து ஃபூஃபூ செய்வார். கச்சான் சூப்புக்குள் பந்துபோல மிதக்கும் அதை விரலால் கிள்ளி, மெல்லாமல் விழுங்க வேண்டும்.

இதையெல்லாம் வீட்டில் வந்து கையை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். அம்மா சிரிப்பார். அப்பாவுக்குப் பிடிக்காது.

ஒருநாள் சித்தியிடம் நேரேயே சொல்லிவிட்டார். "அந்தக் கறுவலின்ர கடையளுக்கெல்லாம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரியாதையும். எங்கட சனம் பாத்தால் என்ன சொல்லும்?"

சித்தி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "அத்தான், உங்கட கையை ஒருக்காப் பாத்துப்போட்டுக் கதையுங்கோ" என்றார்.

அப்பா உண்மையாகவே தன் கையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் அவர் போனதுமில்லை.

அந்த வருட இளவேனிலில் நான்கு கடைக்காரரும் கூடி ஒரு யோசனை செய்தார்கள். நகரத்து ஆட்களை ஒரு சனிக்கிழமை மத்தியானம் அழைப்பது, முதல் கடையில் தொடங்கி நாலாவது கடை வரைக்கும் நடத்திக் கூட்டிப்போவது, ஒவ்வொரு கடையிலும் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட வைப்பது. நூலகத்திலும் தேவாலயத்திலும் அறிவித்தல் ஒட்டினார்கள். கானா மாமாவின் மகள் கொலோனில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். நல்ல ஜெர்மன், நல்ல பேச்சு. அவர்தான் கூட்டிப்போய் விளக்கம் சொல்வதாக ஏற்பாடு. அந்தக் கிழமை முழுக்கச் சித்தியின் வானில் வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு பெட்டிகள்.

அன்று இருபதுக்கு மேல் ஆட்கள் வந்துவிட்டார்கள். பெரும்பாலும் ஜெர்மன்காரர். எரித்திரியா அன்ரியின் கடை வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது சித்தியின் கைபேசி அடித்தது.

"கானா மாமாவின்ர பிள்ளை வாற ரயில் நடுவழியில நிண்டிட்டுதாம். இன்னும் ஒரு மணித்தியாலம் செல்லுமாம்" என்றார் சித்தி.

கானா மாமாவால் தன் சமையலறையை விட்டு வர முடியாது. கமரூன் அக்காவுக்குப் பிரெஞ்சுதான் வாய் நிறைய வரும். செனகல் அண்ணை அவ்வளவு பேரைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். சித்தியின் ஜெர்மன் பெட்டி இறக்கவும் கையெழுத்து வாங்கவும் மட்டும் போதுமானது. வாசலில் ஒரு தம்பதி தங்கள் சைக்கிளின் பூட்டைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். சுடுவதையும் பரிமாறுவதையும் விட்டு வர முடியாத எரித்திரியா அன்ரி அதைப் பார்த்தபடி, "இன்றைக்குப் போகிறவர்கள் இனி வரமாட்டார்கள்" என்று மெதுவாகச் சொன்னார். மூன்று நாளாக மா புளிக்கவைத்த மனுஷி அவர்.

"சித்தி, நான் சொல்லட்டோ?"

"நீயோ? உன்னால ஏலுமோ?"

"ஓம், ஏலும். எனக்கு எல்லாம் தெரியும்."

சித்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வானைத் திறந்து ஒரு வெறும் தக்காளிப் பெட்டியை எடுத்துக் கவிழ்த்து வைத்து, "ஏறு" என்றார்.

நான் ஏறினேன். ஜெர்மனில் வணக்கம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் கையை உயர்த்தவே யோசிக்கிற பிள்ளை நான். ஆனால் அங்கே நின்றவர்களில் ஒருவருக்கும் இஞ்செரா தெரியாது, எனக்குத் தெரியும் என்ற ஒரு நினைப்பு என் முதுகை நிமிர்த்தி வைத்திருந்தது. சைக்கிள் தம்பதி பூட்டைத் திரும்பப் போட்டார்கள்.

உள்ளே அன்ரி கோப்பிக் கொட்டை வறுத்து, புகையைத் தட்டோடு எல்லோருடைய மூக்குக்கும் நேரே கொண்டுபோய்க் காட்டினார். சாம்பிராணி மணத்தது. இஞ்செராவை எப்படிப் பிய்ப்பது, எந்தக் கையால் எடுப்பது என்று நான் செய்து காட்டினேன். தாடி வைத்த ஒருவர், நல்ல மனிதர்தான், என்னைப் பார்த்துக் கேட்டார். "ஆப்பிரிக்கச் சாப்பாடு எல்லாமே இப்படிக் கொஞ்சம் புளிப்பாகத்தான் இருக்குமா?"

பள்ளிக்கூடத்து வரைபடப் புத்தகத்தில் அடிமட்டம் வைத்து அளப்பது அந்த நாட்களில் எனக்கு ஒரு விளையாட்டு. அது கைகொடுத்தது.

"செனகலிலிருந்து எரித்திரியாவுக்குப் போகிற தூரம், இங்கிருந்து செனகலுக்குப் போகிற தூரத்தைவிட அதிகம். நான் அளந்து பார்த்திருக்கிறேன். அடுத்த கடையில் ஒன்றுமே புளிக்காது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். தாடிக்காரர்தான் அதிகம் சிரித்தார். எரித்திரியா அன்ரி சிரிக்கவில்லை. கையில் இருந்த கோப்பிச் சட்டியை வைத்துவிட்டு வந்து என் தலையைப் பிடித்து உச்சியில் கொஞ்சினார்.

பிறகு என்னைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. செனகல் அண்ணையின் கடையில், பானையின் அடிச்சோறு ஏன் எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று விளக்கியதில் அந்தச் சோற்றுக்குப் போட்டி வந்துவிட்டது. கூச்சத்தில் உள்ளே நின்றவர் தானே வெளியே வந்து ஒவ்வொரு தட்டிலும் ஒரு துண்டு வைத்தார். கமரூன் அக்காவின் கடையில் கசப்பு இலைக்கு நாலாவது வாய் வரைக்கும் பொறுக்கச் சொன்னேன். பொறுத்தார்கள். அக்கா பிரெஞ்சில் என்னவோ சொல்லிச் சித்தியின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

கடைசியாகக் கானா மாமாவின் கடை. அங்கே போகும்போது அவருடைய மகளும் மூச்சு வாங்க வந்து சேர்ந்துவிட்டார். நான் விலகி நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "நீயே முடி" என்று சொல்லிவிட்டு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தகப்பனுக்கு உதவப் போனார். அந்த இரண்டு சொல்லுக்காக அவரை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்.

நான் ஃபூஃபூவைக் கிள்ளி, சூப்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கிக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் கண்ணாடிக்கு வெளியே அப்பாவைக் கண்டேன். சித்திக்கு அன்று நேரம் செல்லும் என்று, வேலை முடிந்து என்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறார். தொழிற்சாலை மேற்சட்டையோடு தெருவின் மறுகரையில், கைகளைப் பொக்கற்றுக்குள் விட்டபடி நின்றார். இவ்வளவு சனத்துக்கு நடுவில் தன் பிள்ளை நின்று கதைப்பதை அப்பா பார்க்கிறார் என்று தெரிந்ததும் என் குரல் தானாக உயர்ந்தது. "மெல்லக்கூடாது! மெல்லக்கூடாது!" என்று கண்ணாடிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

கானா மாமாவும் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெரிய கோப்பை ஒன்றில் சூப்பை ஊற்றி, ஃபூஃபூவை வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்தார். நான் வாசலுக்கு ஓடினேன்.

அப்பா ஓர் அடி பின்னால் போனார். மாமா அவர் முன்னால் போய் நின்று, தமிழில் கேட்டார்.

"மச்சான், சாப்பிட்டியோ?"

மாமா அப்பாவின் தோளில் கையைப் போட்டுக் கடைக்குள் கூட்டிவந்து, கண்ணாடியோரத்து மேசையில் இருத்தினார். தானும் பக்கத்தில் இருந்தார். அப்பா மேற்சட்டையின் கையை மடித்துவிட்டு, ஃபூஃபூவில் ஒரு துண்டு கிள்ளி, நடுவில் பெருவிரலால் குழி செய்து, சூப்பை அள்ளி விழுங்கினார். மெல்லவில்லை. மாமாவும் அதே கோப்பையில் கைவைத்தார். அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் நின்றது. அவர் துடைக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் ட்ராமில் அப்பா என் கையை விடவேயில்லை. "நல்லாய்க் கதைச்சாய்" என்றார் ஒருதரம். இறங்கும்போது இன்னொரு தரமும் சொன்னார்.

அப்பாவும் கானா மாமாவும் நான் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்னால் ஓர் அகதி முகாமில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தவர்கள் என்பதை அம்மா எனக்குச் சொன்னபோது நான் படிப்பை முடித்திருந்தேன். அப்பா மஞ்சட்காமாலையில் கிடந்த பனிக்காலத்தில், பொதுச் சமையலறையில் கஞ்சி வைத்து ஊட்டியவர் மாமா. தமிழ்ச் சொற்களை அப்பாவிடம் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறார். பிறகு அப்பாவுக்கு வதிவிட அனுமதி கிடைத்தது, அம்மா வந்தார், எங்கள் ஆட்களோடு புழங்கத் தொடங்கினார்கள். ஒருநாள் ரயில் நிலையத்தில் மாமா கையை உயர்த்திக் கூப்பிட்டபோது, அப்பா பக்கத்தில் நின்ற சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு, கேட்காதவர்போல நடந்து போயிருக்கிறார். அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளாமலே ஒரே ஊரில் இருந்தார்கள்.

பதினொரு வயதில் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று, இருபது பேரை நான்கு நாட்டுக்குக் கூட்டிப்போன கதையைச் சொன்னேன். என் அப்பா தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றே நான் சொன்னதைக் கேட்டு, ஃபூஃபூவை எப்படிச் சாப்பிடுவது என்று படித்துவிட்டார் என்றும் சொன்னேன். அவர் அழுதது என்னை நினைத்துப் பெருமையில்தான் என்று சொன்னபோது, வகுப்பு முழுவதும் கைதட்டியது.