சிலிர்க்காத கிடாயும் அழியாத பதிவும்

போன வாரம் ஒருநாள் காலையில் கைபேசி அடித்தது. திரையில் ‘ராஜாங்கம் பழையது’ என்று வந்தது. தூக்கக் கலக்கத்தில் அவன்தான் என்று எடுத்து, “என்னலே, விடிஞ்சதும் விடியாததுமா?” என்றேன். பேசியது அவன் தங்கை கணவர் பெருமாள்சாமி. “அண்ணாச்சி, மச்சான் போயிட்டாக” என்றார். தன் சாவுச் செய்தியைத் தன் பழைய நம்பரிலிருந்தே சொல்லியனுப்ப என் நண்பனால்தான் முடியும். அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அவனை அறிந்த உங்களுக்கு அது விளங்கும். அறியாதவர்களுக்காக அந்த நம்பரின் கதையைச் சொல்கிறேன்.

ராஜாங்கம் அருப்புக்கோட்டையில் சிமெண்டுக் கடை வைத்திருந்தான். ஆளாளுக்கு வலைப்பூ எழுதிய காலத்தில் ‘உடைமுள்’ என்ற பெயரில் எழுதினான். நான் திருச்சுழியிலிருந்து எழுதினேன். பின்னூட்டத்தில் சண்டை போட்டுத்தான் சேக்காளிகள் ஆனோம். கடையில் கம்பி லோடு இறங்கும்போதுகூட அவன் ஒரு கை தட்டச்சு செய்துகொண்டிருக்கும். எழுதுவதெல்லாம் சொந்தக்காரர்களைப் பற்றித்தான். ஏன் என்று கேட்டால், “அடுத்தவனை எழுதுனா கேஸு போடுவான்லே. சொந்தக்காரன் பேச்சை மட்டுந்தான் நிறுத்துவான்” என்பான்.

சொன்னது போலவே பேச்சு நின்றது. குலதெய்வக் கோவிலில் கிடாய் வெட்டுவதற்கு முன் அதன் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி சம்மதித்ததாக அர்த்தம். பெருமாள்சாமி கொண்டுவந்த கிடாய் சிலிர்க்கவே இல்லை. குடம் குடமாக ஊற்றியும் அது பாட்டுக்கு அவர் பட்டு வேட்டியின் நுனியைத் தின்றுகொண்டு நின்றது. ‘மாப்பிள்ளையின் கிடாய்க்கு மாப்பிள்ளையைவிட ரோசம் அதிகம்’ என்று ராஜாங்கம் எழுதினான். ஊரே சிரித்தது, பெருமாள்சாமியைத் தவிர. அவர் கோவில் வாசலில் மறித்து, “யாரு இந்த உடைமுள்ளு?” என்று கேட்டபோது இவன், “எவனோ!” என்று சாதித்துவிட்டான்.

மறுநாளே பதிவை நீக்கினான். ஆனால், பழைய இணையப் பக்கங்களை நகலெடுத்துச் சேர்த்துவைக்கும் ஒரு வெளிநாட்டுக் காப்பகம் அதற்குள் அதையும் எடுத்து வைத்துக்கொண்டது. குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும் எவனாவது ஒருவன் அந்தச் சுட்டியை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவான். பெருமாள்சாமிக்கு ஆறிய புண் மறுபடி வலிக்கும்.

இதில் அகப்பட்டது அவர் மகள் பவித்ராவின் காது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். “அந்தக் கருமம் கிடக்குற வரைக்கும் அவுக மடியில எம்பிள்ளை உக்காராது” என்றார் அப்பா. “எங்கண்ணன் மடி இல்லாம எம்பிள்ளைக்குக் காது குத்தா?” என்றாள் அம்மா கோமதி. பிள்ளை நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், காது மொட்டையாகவே இருந்தது. கூடப் படிக்கிற பிள்ளைகள் கேலி செய்தார்கள். எதற்கும் சிரிக்கிற ராஜாங்கம் இதற்கு மட்டும் சிரிக்கவில்லை. ஒருநாள் கல்லாவிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினான். “தோடு வாங்கி வச்சிருக்கேன்லே. காதுதான் கிடைக்கல” என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இருவரும் சேர்ந்து காப்பகத்துக்கு எழுதினோம். மரியாதையாகப் பதில் வந்தது: நீக்குகிறோம், ஆனால் வலைப்பூவைத் தொடங்கிய மின்னஞ்சலிலிருந்து கேளுங்கள். அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லை அவன் எப்போதோ மறந்துவிட்டான். புதிதாக மாற்ற வேண்டுமானால் பழைய நம்பருக்கு ஓடிபி போகும். பழைய நம்பர் எங்கே? கோமதியின் கல்யாணத்தில் சீரோடு சீராகத் தன் போனை சிம்மோடு கொடுத்திருந்தான். அந்த சிம் இப்போது பெருமாள்சாமியின் சட்டைப்பையில் இருந்தது.

“அழிக்கணும்னா அவருகிட்டயே போயி, நாந்தான் உடைமுள்ளுன்னு சொல்லணுமாலே? இதுக்கு அன்னைக்குக் கிடாய்க்குப் பதிலா என்னைய வெட்டியிருக்கலாம்” என்றான். ஆனாலும் கிளம்பினான். பெருமாள்சாமியின் ஊரான எம்.ரெட்டியபட்டிக்கு இருவரும் பஸ் ஏறினோம்.

வீட்டு முற்றத்தில் பருத்தியை உலர்த்திக்கொண்டிருந்தார் பெருமாள்சாமி. ராஜாங்கம் நின்றபடியே சொன்னான்: “மாப்பிள்ளை, அதை எழுதுனது நாந்தான். அழிக்கணும். உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், சொல்லணும்.”

அவர் பருத்தியைக் கிளறுவதை நிறுத்தவில்லை. “எழுதுனது நீங்கதான்னு அன்னைக்கே தெரியும் மச்சான். என் மூஞ்சியப் பாத்து எவனோன்னு சொன்னீகள்ல? அதுக்குத்தான் இத்தனை வருசம்” என்றார்.

முதல் ஓடிபி, அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் காலாவதியாகிவிட்டது. இரண்டாவதற்கு இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். மின்னஞ்சல் திறந்தது. காப்பகத்துக்குக் கடிதத்தை அனுப்பப் போகும்போது பெருமாள்சாமி தடுத்தார். “அழியிறதுக்கு முன்னாடி ஒருக்க வாசிங்க. நான் முழுசா வாசிச்சதே இல்ல.” ராஜாங்கம் காப்பகத்து நகலைத் திறந்து வாசித்தான். கிடாய் வேட்டியைத் தின்ற இடம் வந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ பருத்தியில் கொட்டியது. திரும்பும்போது ராஜாங்கம், “எழுத கை போதும்லே. அழிக்கணும்னா காலு நடக்கணும்” என்றான்.

சில நாட்களில் பதிவு காப்பகத்திலிருந்து போய்விட்டது. அடுத்த குலதெய்வக் கும்பிட்டில் பவித்ரா மாமன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டும்படி கத்தினாள். அவளைவிட அதிகமாகக் கண்ணீர் விட்டது மடிதான். அன்றைய கிடாய் தண்ணீர்ச் செம்பைக் கண்டதுமே சிலிர்த்தது. “இதை எழுதுங்க மச்சான்!” என்றார் பெருமாள்சாமி. “நான் எதுக்கு? எவனோ எழுதுவான்” என்றான் இவன்.

அந்த எவனோ நானாகிவிட்டேன். அவனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான்: யாரைப் பற்றி எழுதினாலும் அவர் முன்னால் உட்கார்ந்து வாசித்துவிட்டுத்தான் வெளியிடுவது. இதையும் நேற்று எம்.ரெட்டியபட்டிக்குப் போய்ப் பெருமாள்சாமியிடம் வாசித்தேன். கிடாயும் வேட்டியும் இருக்கட்டும் என்றார். ராஜாங்கத்தின் உடல் கிடந்த துட்டி வீட்டில் அவர் என்ன செய்தார் என்று எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன். எழுதாவிட்டால் என்ன, துட்டிக்கு வந்திருந்த நாமெல்லாரும் பார்த்ததுதானே.