பெட்டியில் வந்த மாமனார்

லாரி ஓட்டுகிறவனுக்கு ஆமை என்று பட்டப்பெயர் வைத்தால் பிழைப்பு என்னாகும்? ஆனால் நகரத்தைப் பிடித்த எதிரி ராணுவம் அதையெல்லாம் பார்க்கவில்லை. லாரியோடு அவனையும் பிடித்துக்கொண்டது. அருங்காட்சியகத்தில் சுருட்டிய சாமான்களை ரயில் நிலையத்தில் கொண்டுபோய் இறக்க வேண்டும். அதிகாரிகளுக்கான இறைச்சி டின்களும் அதே லாரியில்தான் போகும். பெட்டிகளின் மேலிருந்த எழுத்தோ அவனுக்குச் சுத்தமாகப் புரியாது.

ஒருநாள் காவலுக்கு வந்த சிப்பாய் வழியில் ஒதுங்கப் போனான். வண்டி நின்றது மாமியார் வீட்டுச் சந்து முனையில். வீட்டில் எல்லோரும் அரைப்பட்டினி. ஆமை கைக்கு எட்டிய பெட்டியொன்றை மதிலுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டான்.

ராத்திரி வந்து திறந்தால் வைக்கோலுக்குள் ஓர் ஓவியம். முறுக்கு மீசைக் கிழவர் ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார். சட்டியோடு வந்த மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவரை வேகவைக்கவா, வறுக்கவா?"

சட்டத்தையாவது அடுப்பெரிக்கலாம் என்றான் ஆமை. மாமியார் குறுக்கே வந்து நின்றாள். அவள் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

"எதிர்த்துப் பேசாத ஆம்பளை இப்பதான் இந்த வீட்டுக்கு வந்திருக்காரு. அவரை அடுப்புல வைக்க விடுவேனா?"

காணாமல்போன பெட்டியைத் தேடி வீடு வீடாகச் சோதனை நடந்தது. மாமியார் படத்தைக் கூடத்தில் மாட்டி, கறுப்புத் துணி சுற்றி, எதிரில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். சோதனைக்கு வந்த சிப்பாய் தொப்பியைக் கழற்றி, தலைகுனிந்து நின்றுவிட்டுப் போனான்.

போர் முடிந்ததும் ஆமையே அருங்காட்சியகத்துக்குப் போய்த் தகவல் சொன்னான். காப்பாட்சியர் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். நாட்டின் பொக்கிஷத்தை உயிரைப் பணயம் வைத்துக் காத்தவன் என்றார்.

"கறி டின்னுன்னு நெனச்சு எடுத்தேன் சார்."

என்ன ஒரு தன்னடக்கம் என்று அவர் கண் கலங்கினார்.

மாமியார் மட்டும் படத்தை விடவில்லை. அவர் போகிற இடத்துக்குத் தானும் போவேன் என்று ஒரே பிடிவாதம். கடைசியில் அருங்காட்சியகத்தில் படம் மாட்டிய அறைக்கே அவளைக் காவலாளியாகப் போட்டார்கள். யாராவது படத்துக்குக் கொஞ்சம் நெருங்கி நின்றால் போதும், தொலைந்தார்கள்.

ஆமை எப்போதாவது அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோவான். வருகிறவர்களிடம் அவனை வீரன் என்று காட்டக் காப்பாட்சியர் காத்திருப்பார். அவன் பின்வாசல் வழியாகவே போவான். வழியில் ஒரு கூடம், சுவரெல்லாம் வெறும் ஆணிகள். அங்கே இருந்தவற்றை ரயிலடியில் இறக்கியதும் அவன்தான். அந்தக் கூடத்தை அவன் குனிந்த தலை நிமிராமல் கடந்துபோவான்.