வைரவன் செவிடு இல்லை

எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்த நாய்க்குட்டிக்கு வைரவன் என்று பெயர் வைத்தேன். என்ன கூப்பிட்டாலும் திரும்பிக்கூடப் பார்க்காது.

இன்று காலை என் வீட்டுக்காரர் பொறுமை இழந்துவிட்டார்.

"சாமி பேர வச்சா மட்டும் பத்துமா? இது செவிட்டு நாய். வாங்குன வீட்லயே விட்டுட்டு வாறேன்."

குட்டியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறக் கிளம்பினார். நான் வைரவரை வேண்டிக்கொண்டே பின்னால் போனேன்.

பஸ் ஹோல்ட்டில் குட்டி பெட்டியிலிருந்து குதித்துத் தேயிலைக்குள் ஓடியது.

"டேய், வாடா" என்று கத்தினார். "வாப்பா ராசா" என்று கெஞ்சியும் பார்த்தார். அது மலையேறிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குட்டி பிறந்தது ஓப்பநாயக்கவில், ஒரு சிங்களக் குடும்பத்தில். தமிழை அது எங்கே கேட்டிருக்கும்?

"மெஹே எந்ந, பெட்டியோ" என்று, 'இங்கே வா, குட்டி' என்பதைச் சிங்களத்தில் சொல்லிக் கூப்பிட்டேன்.

செடிகளுக்கு நடுவே ஒரு வால் ஆடியது. அடுத்த நிமிடம் குட்டி என் காலடியில் நின்றது. "வாடிவென்ன" என்றேன். பதவிசாக உட்கார்ந்தது.

"செவிடுன்னீங்களே" என்றேன்.

"ஏன், எனக்கு மட்டும் சிங்களம் தெரியாதா?" என்று முணுமுணுத்தபடி அவரே குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். வெறும் பெட்டியை நான் சுமந்து வந்தேன்.

இனி அதற்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும். எதிலிருந்து தொடங்கலாம், நாய் வளர்ப்பவர்கள் சொல்லுங்கள். 'சோறு' வேண்டாம். அதை மத்தியானமே யாரும் சொல்லித்தராமல் படித்துக்கொண்டது.