மயிலாகிப்போன பீலி

இசக்கியம்மாவின் வாயைப் பற்றி அந்தத் தேயிலைத் தோட்டத்தில் தெரியாதவர் கிடையாது. சேரம்பாடிப் பக்கம் முப்பது வருசமாகக் கொழுந்து பறிக்கிறவள். மேஸ்திரிகூட அவளிடம் பேச்சுக் கொடுத்து ஜெயித்ததில்லை. அப்படிப்பட்டவளின் வாயாலேயே அறுபது வீட்டுத் தண்ணி போகப் பார்த்தது என்றால் நம்புவீங்களா? நடந்ததே!

ஏழு வயசில் அம்மா அப்பாவோடு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவள் அவள். பள்ளிக்கூடத்தில் "சிலோன்காரி, சிலோன்காரி" என்று பண்ணின கேலியில் அந்த ஊர்ப் பேச்சை ஒவ்வொன்றாக விட்டுவிட்டாள். ஒரு வார்த்தை மட்டும் நாக்கைவிட்டுப் போகவில்லை. பீலி. மலைச்சரிவில் ஊறி, குழாய் வழியாக விழுகிற தண்ணிக்கு அங்கே அதுதான் பேர். தொழிலாளர் லைன் வீடுகளுக்குக் கீழே இருநூறு படி இறங்கினால் அப்படி ஒரு பீலி. சித்திரை வெயிலிலும் வற்றாது. குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாருக்கும் அதுதான்.

தோட்டத்து ஃபேக்டரிக்குப் பெரிய லாரி ஷெட் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. டீசல் டேங்க், லாரி கழுவ மேடை, எல்லாம் சேர்த்து. கேட்டதும் இசக்கியம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. மகன் முத்துவேல் திருப்பூரில் லாரி ஓட்டுகிறான். இங்கேயே வேலை கிடைத்தால் வீட்டோடு வந்துவிடுவான். புருசன் போனதிலிருந்து ஒத்தையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளுக்கு வேறென்ன வேணும்?

ஷெட் வந்தால் மண்ணுக்கும் தண்ணிக்கும் என்ன ஆகும் என்று ஆய்வு பண்ண, கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து அஸ்வந்த் என்ற என்ஜினியர் வந்தார். ஆடி மழை. பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகிக்கொண்டு டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்கம்மா, அந்தச் சரிவுல என்னங்க இருக்குது?"

"பீலி இருக்கு தம்பி. காலையிலயும் சாயந்தரமும் எல்லாரும் அங்கதான். வாங்க, காட்டுறேன்."

அவர் சரிவைப் பார்த்தார். புல்லுக்குப் புல் அட்டை நெளிந்தது. "பரவாயில்லைங்க, நீங்க சொன்னாலே போதும்" என்று செல்போனில் தட்டிக்கொண்டார்.

இரண்டு மாசம் கழித்துப் பஞ்சாயத்து ஆபீசில் அறிக்கையை ஒட்டினார்கள். பக்கத்து வீட்டு மலையாளத்துப் பெண் ஷைனா உரக்கப் படித்தாள். "இசக்கியம்மாள் கூறியபடி, சரிவில் மயில் நடமாட்டம் உண்டு. மக்கள் காலையும் மாலையும் சென்று மயிலிறகு சேகரிக்கின்றனர். நீராதாரம் எதுவும் இல்லை."

படித்துவிட்டுத் திரும்பினாள். "சேச்சி, நம்ம எப்போ மயிலிறகு பொறுக்கினோம்?"

பீலி என்றால் கீழ்நாட்டுக்காரருக்கு மயிலிறகு. இதை யார் கண்டது! சுற்றி நின்ற பெண்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு ஷைனா வரைபடத்தைக் காட்டினாள். ஷெட் வரப்போவது சரியாகப் பீலிக்கு நேர் மேலே. லாரி கழுவின எண்ணெய்த் தண்ணி வேறெங்கே போகும்? சிரிப்பு நின்றுபோயிற்று.

"தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? உன் பேர்லதான எழுதியிருக்கு, நீயே போய்ச் சொல்லு" என்றார்கள்.

பள்ளிக்கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஷண்முகப்ரியா என்ற அதிகாரி நடுவில் இருந்தார். உள்ளூர் ஆட்களுக்கு இருபது டிரைவர் வேலை என்று மேனேஜர் அறிவித்ததும் கைதட்டல். இசக்கியம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் மகன் வருவான். பேசினால்? வாயாடி, வாயாடி என்று பேர் வாங்கி என்ன பிரயோசனம், எழுந்திரிக்கக் கால் வரவில்லையே! எதிரே ஷைனாவின் மடியில் கைக்குழந்தை ஒன்று பாட்டிலில் பீலித் தண்ணியைச் சப்பிக்கொண்டிருந்தது. இசக்கியம்மா எழுந்துவிட்டாள்.

"அம்மா, அங்க மயிலும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. பீலின்னா எங்க பேச்சுல தண்ணி. அறுபது வீடு குடிக்கிற தண்ணி."

மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஸ்வந்துக்கு முகம் சிவந்தது. "நீங்க ஊத்துன்னு சொல்லியிருக்கலாமேங்க."

"வாங்க காட்டுறேன்னு கூப்பிட்டேனே தம்பி! வந்திருந்தா நனைஞ்சிருப்பீங்க. மயிலா தண்ணியான்னு அப்பவே தெரிஞ்சிருக்கும்."

அதிகாரி பேனாவை மூடினார். "வாங்க, எல்லாரும் இறங்கிப் பார்க்கலாம்" என்றார். மேனேஜர் முதற்கொண்டு இருநூறு படி இறங்கினார்கள். அட்டை யாரையும் விடவில்லை. அறிக்கை திரும்பிப் போனது. ஷெட்டை மேட்டுப்பாளையத்தில் கட்டிக்கொள்வதாகத் தோட்டத்து நிர்வாகம் முடிவெடுத்தது. வேலையும் அங்கத்து ஆட்களுக்குப் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை முத்துவேல் போன் பண்ணினான்.

"நீதான் பேசுனியாம்மா?"

"ஆமாப்பா."

"அந்த டிரைவர் வேலைக்கு நான் எழுதிப் போட்டிருந்தது தெரியும்ல?"

"தெரியும்டா. உன்னையும் அந்தத் தண்ணி ஊத்தித்தான் வளர்த்தேன். என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல சாமி."



"சரிம்மா. தீபாவளிக்கு லீவு கிடைச்சாப் பாக்குறேன்."

வைத்துவிட்டான். இசக்கியம்மா அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இத்தனை வருசத்தில் அவன் ஒரு தீபாவளிக்கும் லீவைப் பற்றிப் பேசினதில்லை. தீபாவளி தவறாமல், சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டுகிறவன்.